கன்சோல் ஆட்டத்தை நேரலையில் காட்ட எந்த வழி: கன்சோலின் பொத்தானா, கேப்சர் கார்டா?

கன்சோலில் ஆடுவதை நேரலையில் காட்ட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த கேப்சர் கார்டு வாங்கலாம்?" என்பதுதான். கன்சோலின் படத்தைக் கணினிக்குக் கொண்டுபோகும் கருவியான கேப்சர் கார்டு தேவையா என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வெளிவந்தபோதே அதன் கன்ட்ரோலரில் 'ஷேர்' என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தி, வேறு எந்தக் கருவியும் கணினியும் இல்லாமல், ஆட்டத்தை ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் ஒளிபரப்ப முடிந்தது. பின்னர் வந்த பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களிலும் இந்த வசதி கன்சோலோடு சேர்ந்தே வருகிறது. இருந்தும், பதினைந்தாயிரம் இருபதாயிரம் செலவழித்து மேசை நிறையக் கருவிகளை அடுக்கிய பிறகே நேரலையைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், பலர் தொடங்காமலேயே காலத்தைக் கடத்துகிறார்கள். சிலர் தேவையில்லாத பொருளை வாங்கிவிட்டு, தேவையான பொருளுக்குப் பணமின்றி நிற்கிறார்கள்.

இன்று நம் முன் உள்ள வழிகள் மூன்று. கன்சோலிலேயே உள்ள ஒளிபரப்பு வசதியைப் பயன்படுத்துவது முதலாவது. கன்சோலின் படத்தை ரிமோட் பிளே செயலி வழியாகக் கணினிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஓபிஎஸ் ஸ்டுடியோ மென்பொருளால் ஒளிபரப்புவது இரண்டாவது. எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு ஒன்றை நடுவில் வைத்துக் கணினி வழியாக ஒளிபரப்புவது மூன்றாவது. தொலைக்காட்சிக்கு எதிரே கைபேசியை நிறுத்திப் படம்பிடிப்பதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. திரையின் கோடுகளும் அறையின் எதிரொலியும் சேர்ந்து எந்தப் பார்வையாளரையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்க விடமாட்டா.

எதை வைத்து ஒப்பிடுவது

விற்பனைப் பக்கங்கள் இந்தக் கருவிகளைப் படத்தின் துல்லியத்தை வைத்தே ஒப்பிடுகின்றன. எந்தப் பெட்டியை எடுத்தாலும் 4கே என்ற எழுத்துதான் பெரிதாகத் தெரியும். நேரலை பார்ப்பவரின் இடத்திலிருந்து நோக்கினால் வரிசை மாறிவிடுகிறது. தமிழில் விளையாட்டு நேரலை பார்ப்பவர்களில் பெரும்பகுதியினர் கைபேசியில் பார்க்கிறார்கள்; ஆறு அங்குலத் திரையில் 720பி படத்துக்கும் 1080பி படத்துக்கும் (எண் பெரிதானால் படம் துல்லியமாகும்) உள்ள வேறுபாடு, காரோட்டப் பந்தயம் போன்ற வேகமான ஆட்டங்களைத் தவிர, அவ்வளவாகக் கண்ணில் படாது. பேசுபவரின் குரல் ஆட்டத்தின் வெடிச்சத்தத்தில் அமுங்கிப்போனாலும், மின்விசிறிக் காற்று மைக்கில் அடித்து இரைந்தாலும், படம் நின்று நின்று வந்தாலும் அவர்கள் உடனே வெளியேறிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும் என்பது என் கருத்து: குரலைத் தெளிவாகக் கொண்டுபோகிறதா, வீட்டு இணையத்தின் வலுவுக்கு அடங்குகிறதா, ஆடுபவரின் கவனத்தை எவ்வளவு தின்கிறது.

இணையத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனெனில் அது மூன்று வழிகளுக்கும் பொதுவான வரம்பு. நேரலைக்கு வேண்டியது அப்லோட் வேகம். ட்விட்ச் தளம் 1080பி, நொடிக்கு 60 பிரேம் (தனித்தனிப் படங்கள்) என்ற தரத்துக்கு 6,000 கேபிபிஎஸ் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, பரிந்துரைக்கிறது. 720பி, 60 பிரேமுக்கு 4,500. 720பி, 30 பிரேமுக்கு 3,000. 6,000 கேபிபிஎஸ் என்பது மணிக்கு ஏறத்தாழ 2.7 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தை ஹாட்ஸ்பாட்டாக வைத்து இந்தத் தரத்தில் ஒளிபரப்பினால் முக்கால் மணி நேரத்தில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் இந்தக் கவலை குறைவு. ஆனால் பழைய கேபிள் இணைப்புகளில் டவுன்லோட் 100 எம்பிபிஎஸ் காட்டினாலும் அப்லோட் அதில் சிறு பங்காகவே இருப்பது உண்டு.

வேகத்தை அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு அளந்த எண்ணை நம்பக் கூடாது. தெருவே இணையத்தில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு, அதாவது நீங்கள் நேரலை செய்யப்போகும் அதே நேரத்தில், சில நாள் அளந்து பார்த்து, கிடைத்ததிலேயே குறைந்த எண்ணில் பாதிக்கு மேல் பிட்ரேட் போகாதபடி தரத்தைத் தேர்ந்துகொள்வது பாதுகாப்பானது. இணைய வழி ஆட்டமாக இருந்தால் இது இன்னும் முக்கியம், ஏனெனில் நேரலை அப்லோட் முழுவதையும் பிடித்துக்கொண்டால் ஆட்டத்தின் சிறு சிறு தரவுப் பொட்டலங்கள் ரூட்டரில் வரிசையில் காத்து நின்று, பிங் எனப்படும் பதில் வரும் தாமதம் எகிறி, ஆட்டமே கெட்டுவிடும். கன்சோலுக்கும் ரூட்டருக்கும் நடுவே ஒரு லேன் கேபிள் இழுப்பது சில நூறு ரூபாய் வேலை. எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன்பு இதைச் செய்துவிட வேண்டும்.

கன்சோலின் சொந்த வசதி

பிளேஸ்டேஷன் 5-இல் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரின் தொடுபலகைக்கு இடப்பக்கம் உள்ள 'கிரியேட்' பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் ஒளிபரப்பு என்ற தேர்வு இருக்கும். யூடியூப், ட்விட்ச் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, திரையில் தெரியும் குறியீட்டைக் கைபேசியில் படித்துக் கணக்கை ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். அடுத்த முறையிலிருந்து தலைப்பை எழுதித் தொடங்குவது மட்டுமே வேலை. 1080பி, 60 பிரேம் வரை செல்லும். பார்வையாளர்கள் எழுதுவதை ஆட்டத்தின் மேலேயே ஓரமாகக் காட்டும் வசதியும் உண்டு. முகம் காட்ட விரும்பினால் சோனியின் எச்டி கேமராவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் கன்சோல்களில், 2022 தொடக்கத்தில் ட்விட்ச் நேரலை மீண்டும், எக்ஸ்பாக்ஸ் பொத்தானை அழுத்தினால் வரும் கைடு பட்டியலுக்குள்ளேயே கொண்டுவரப்பட்டது. அங்கே துல்லியம், பிட்ரேட், ஆட்ட ஒலிக்கும் மைக்குக்குமான அளவு ஆகியவற்றைத் தனித்தனியே மாற்ற முடிகிறது. யூஎஸ்பி வெப்கேமையும் இணைக்கலாம். ஒலி அளவைப் பிரித்து மாற்ற முடிவது சிறிய விஷயமாகத் தோன்றினாலும், குரல் அமுங்கிப்போகும் சிக்கலுக்கு நேரடி மருந்து அதுவே. யூடியூபில் மட்டும் ஒளிபரப்ப விரும்புகிறவருக்கு பிளேஸ்டேஷன் வழி நேரானது. எக்ஸ்பாக்ஸ்காரர் அதற்கு வேறு சேவை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த வழியில் மைக்கை எப்படித் தேர்வது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்குள்ளேயே மைக் இருக்கிறது. ஒன்றும் வாங்காமல் தொடங்கலாம் என்ற ஆசையை அது தரும். ஆனால் அந்த மைக் உங்கள் விரல்களுக்கு அருகிலும் வாயிலிருந்து இரண்டு அடி தள்ளியும் இருப்பதால், பொத்தான்களின் கடகடப்பும் கன்ட்ரோலர் அதிரும் உறுமலும் குரலோடு சேர்ந்தே பதிவாகும். கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தில் உள்ள 3.5 மி.மீ. துளையில், கைபேசியோடு பயன்படுத்தும் மைக் உள்ள சாதாரண வயர் இயர்போனைச் செருகினாலே நிலைமை வெகுவாக மாறிவிடும். வாயருகே வளைந்து வரும் மைக் உள்ள வயர் ஹெட்செட் என்றால் இன்னும் நல்லது: வாய்க்கும் மைக்குக்கும் இடையே நான்கு விரல் அகலம், வாய்க்கு நேர் எதிரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில், மின்விசிறி அதன் மேல் நேராக வீசாதபடி உட்காரும் இடம். இவ்வளவும் அமைந்துவிட்டால், பெரிய விலை கொடுத்து வாங்கிய மைக்கை மேசையில் தள்ளி வைத்துப் பேசுகிறவரைவிட உங்கள் குரல் தெளிவாகக் கேட்கும். ஆட்டத்தின் சொந்த ஒலி அமைப்புக்குள் போய் பின்னணி இசையைப் பாதியாகக் குறைத்துவிடுவதும் நல்லது.

இந்த வழியின் ஒரு நன்மை அதிகம் பேசப்படுவதில்லை. பிளேஸ்டேஷனின் சொந்த ஒளிபரப்பு ஆட்டத்தின் திரையை மட்டுமே வெளியே அனுப்புகிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு முகப்புத் திரைக்கோ அமைப்புகளுக்கோ போனால் பார்வையாளருக்கு அது தெரியாது. கேப்சர் கார்டு வழியில் தொலைக்காட்சியில் தெரிவது எல்லாமே வெளியே போகும்: கடவுச்சொல் தட்டும் திரை, மின்னஞ்சல் முகவரி, நண்பர் அனுப்பிய தனிச் செய்தி, கடைப் பக்கத்தில் உள்ள பணம் செலுத்தும் விவரம். வீட்டில் பலரும் ஒரே கன்சோலைப் பயன்படுத்தும் குடும்பங்களிலும், பள்ளி வயதுப் பிள்ளைகள் ஆடும் வீடுகளிலும் இந்த ஒரு வேறுபாடே முதல் வழியைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம்.

குறைகளும் உண்மையானவையே. பிளேஸ்டேஷனில் பிட்ரேட்டை எண்ணாகத் தர முடியாது. துல்லியத்தைத் தேர்ந்தால் மற்றதைக் கன்சோலே முடிவுசெய்துகொள்ளும். "சிறிது நேரத்தில் தொடங்கும்" என்ற அட்டை, இடைவேளைத் திரை, சேனலின் பெயர்ப்பட்டை, புதிதாகச் சேர்ந்தவரின் பெயர் திரையில் மின்னுவது போன்ற அலங்காரங்களுக்கு இடமில்லை. மைக்கின் இரைச்சலை வடிகட்டவும் வழி குறைவு. மேலும், ஆட்டத்தை உருவாக்கியவர்கள் சில காட்சிகளைத் தடுக்கப்பட்டவை என்று குறித்திருந்தால் அந்த இடத்தில் ஒளிபரப்பு நின்றுவிடும். 2017-இல் பர்சோனா 5 ஆட்டத்தில் பிளேஸ்டேஷன் 4-இன் பகிர்வு வசதியே பெரும்பாலும் முடக்கப்பட்டிருந்தது இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. கதையின் முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் கதை சார்ந்த ஜப்பானிய ஆட்டங்களை மட்டுமே ஒளிபரப்ப நினைப்பவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

ரிமோட் பிளே என்னும் இடைவழி

கேப்சர் கார்டு வாங்காமல் ஓபிஎஸ் ஸ்டுடியோவின் வசதிகளைப் பெற இந்த வழி உதவுகிறது. பிஎஸ் ரிமோட் பிளே செயலியைக் கணினியில் நிறுவி, கன்சோலின் படம் அந்தச் சாளரத்தில் வந்ததும், ஓபிஎஸ் அந்தச் சாளரத்தைப் பிடித்து ஒளிபரப்பும். எக்ஸ்பாக்ஸுக்கும் இதேபோன்ற வசதி உண்டு. செலவு ஒன்றுமில்லை.

ஆனால் படம் ஒருமுறை கன்சோலில் சுருக்கப்பட்டு, வீட்டு வலையமைப்பில் பயணித்து, கணினியில் விரிக்கப்பட்டு, மீண்டும் ஒருமுறை ஓபிஎஸ்ஸால் சுருக்கப்படுவதால், புல்வெளியும் மழையும் புகையும் வரும் காட்சிகள் குழம்பித் தெரியும். சுருக்கி விரிக்கும் நேரமும் பயண நேரமும் சேர்வதால், கணினித் திரையைப் பார்த்து ஆடினால் கை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் தெரியும். முறை வைத்து ஆடும் ஆட்டங்களுக்கும் நிதானமான கதை ஆட்டங்களுக்கும் இது தாங்கும். சண்டை ஆட்டங்களுக்கும் துப்பாக்கி ஆட்டங்களுக்கும் தாங்காது. ஓபிஎஸ் பழகிப் பார்க்க, காட்சிகளை அமைத்துக் கற்றுக்கொள்ள நல்ல பயிற்சிக்களமாக இதைக் கொள்ளலாம். நிலையான ஏற்பாடாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேப்சர் கார்டு

கேப்சர் கார்டின் வேலை எளிது. கன்சோலிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிள் அதற்குள் நுழையும். இன்னொரு எச்டிஎம்ஐ கேபிள் அதிலிருந்து தொலைக்காட்சிக்குப் போகும். மூன்றாவதாக ஒரு யூஎஸ்பி கேபிள் கணினிக்குப் போகும். தொலைக்காட்சிக்கு நேராகப் போகும் அந்த வழிக்கு பாஸ்த்ரூ என்று பெயர். அது இருந்தால் ஆடுபவருக்குத் தாமதம் உணரப்படாது. கணினியில் படம் சற்றுப் பிந்தி வந்தாலும் பார்வையாளருக்கு அது பொருட்டில்லை.

விலையில் பெரிய இடைவெளி இருக்கிறது. எல்காட்டோ, ஏவர்மீடியா போன்ற நிறுவனங்களின் கார்டுகள் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். இணையக் கடைகளில் பெயரில்லாத பென்டிரைவ் வடிவக் கார்டுகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது. மலிவான கார்டுகளில் பலவற்றின் உள்ளே எம்எஸ்2109 என்ற சில்லு இருக்கிறது. பெட்டியில் 4கே என்று அச்சிட்டிருப்பார்கள். அது 4கே படத்தை உள்ளே ஏற்கும் என்பதற்கான எண், வெளியே தருவது அதிகபட்சம் 1080பி, 30 பிரேம்தான். செருகியின் உட்பகுதி நீல நிறத்தில் இருப்பதைப் பார்த்து யூஎஸ்பி 3.0 என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் சில்லு யூஎஸ்பி 2.0 வகை. கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்: 1080பி, 60 பிரேம் படத்தைச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 2 ஜிகாபிட் வேண்டும், யூஎஸ்பி 2.0-இன் உச்ச வரம்பே 480 மெகாபிட். ஆகவே சில்லு படத்தை உள்ளேயே கடுமையாகச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். சிவப்பு எழுத்துகளின் ஓரங்கள் கலங்கித் தெரிவது அதனால்தான். இவ்வகைக் கார்டுகள் பலவற்றில் பாஸ்த்ரூ கிடையாது என்பதால், தொலைக்காட்சியில் ஆட வேண்டுமானால் படத்தை இரண்டாகப் பிரித்தனுப்பும் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் ஒன்றும் தனியாக வாங்க வேண்டும். ஒலியிலும் ஒரு வினோதம் உண்டு: இடம் வலம் என்ற இரண்டு தடங்களை ஒற்றைத் தடமாக இணைத்துக் கணினிக்குக் காட்டும் வகைகள் இருக்கின்றன.

இத்தனையும் சொன்ன பிறகும், 720பி தரத்தில் நிதானமான ஆட்டங்களை ஒளிபரப்புகிறவருக்கு அந்த மலிவான கார்டு போதும் என்றே சொல்வேன். இரண்டுக்கும் நடுவே, மூவாயிரம் நாலாயிரம் என்ற விலையில், யூஎஸ்பி 3.0 சில்லும் பாஸ்த்ரூவும் உண்மையிலேயே உள்ளதா என்று தெரியாத பெயர்களை வாங்குவதைத்தான் தவிர்க்கச் சொல்வேன். வாங்கினால் திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள் ஒரு மணி நேரம் இடைவிடாமல் பதிவு செய்து, இறுதி நிமிடத்தில் குரலும் படமும் விலகாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

கார்டை இணைத்ததும் பிளேஸ்டேஷனில் படம் கறுப்பாகவே வரும். கார்டு பழுது என்று எண்ணிவிட வேண்டாம். எச்டிசிபி என்ற நகல் தடுப்பு இயங்குவதால் அப்படி ஆகிறது. அமைப்புகளில் சிஸ்டம், அதற்குள் எச்டிஎம்ஐ என்ற பகுதிக்குப் போய் அதை அணைக்க வேண்டும். அணைத்திருக்கும்வரை படம் பார்க்கும் சில செயலிகள் இயங்காது என்பதால், இரவில் நேரலை முடித்ததும் வீட்டார் படம் பார்க்க உட்காரும் தொலைக்காட்சியாக இருந்தால் மீண்டும் போட்டுவிடுவதும் உங்கள் பொறுப்பு. எக்ஸ்பாக்ஸில் ஆட்டத்தின்போது இந்தத் தடை குறுக்கிடுவதில்லை.

அடுத்த சிக்கல் ஒலியின் நேரம். மைக் நேராகக் கணினியில் செருகப்பட்டிருப்பதால் குரல் உடனே வந்துவிடும். படமோ கார்டு வழியாகச் சற்றுப் பிந்தி வரும். பார்வையாளருக்கு நீங்கள் "ஐயோ" என்று கத்திய பிறகுதான் குண்டு வெடிக்கும். இதைச் சரிசெய்ய ஓபிஎஸ்ஸில் சில நொடிகள் பதிவு செய்துகொண்டு, கன்ட்ரோலர் பொத்தான் மைக்கில் கேட்கும் இடத்துக்கும் திரையில் துப்பாக்கி சுடும் இடத்துக்கும் இடையே எத்தனை பிரேம் என்று எண்ணி, 60 பிரேம் பதிவானால் ஒரு பிரேமுக்கு 17 மில்லிவினாடி வீதம் கணக்கிட்டு, ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட ஒலிப் பண்புகளில் மைக்குக்கு நேரே தாமதமாக எழுதிவிட வேண்டும். ஆட்டமே பொத்தானுக்குப் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் சிறு நேரமும் அந்த எண்ணிக்கையில் கலந்திருக்கும் என்பதால், எழுதிய பின் ஒருமுறை கேட்டுப் பார்த்துச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கலாம். முதல் வழியில் இந்தத் தலைவலி கிடையாது.

நண்பர்களோடு பேசியபடி ஆடுகிறவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. பிளேஸ்டேஷனில் ஹெட்செட் வழியாகக் கேட்கும் பார்ட்டி உரையாடல் எச்டிஎம்ஐ கேபிளில் வருவதில்லை. நீங்கள் சிரிப்பது பார்வையாளருக்குக் கேட்கும், எதற்குச் சிரித்தீர்கள் என்பது கேட்காது. அதற்கென்று தனி கேபிள் வாங்க வேண்டும், அல்லது நண்பர்கள் எல்லாரையும் கணினியில் இயங்கும் டிஸ்கார்டு என்ற குரல் உரையாடல் செயலிக்கு அழைத்துவர வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடாகக் கிடைப்பது ஓபிஎஸ் ஸ்டுடியோ. 2012-இல் தொடங்கிய இந்த மென்பொருள் இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். அதன் இரைச்சல் நீக்கும் வடிகட்டி மின்விசிறியின் சீரான ஓசையை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிடுகிறது. கம்ப்ரசர் வடிகட்டி, மெல்லப் பேசுவதையும் கத்துவதையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறது. நம் ஊர் வீடுகளில் கோடையில் விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் பேச முடியாது என்பதால், ஓபிஎஸ்ஸுக்கு மாற மிக வலுவான காரணமாக நான் கருதுவது இந்த ஒலி வடிகட்டிகளையே. பிட்ரேட்டை வேண்டிய எண்ணில் நிறுத்தலாம். தாழ்ந்த தரத்தில் ஒளிபரப்பிக்கொண்டே உயர்ந்த தரத்தில் கணினியில் பதிவு செய்து, பிறகு சிறு காணொளிகளாக வெட்டலாம்.

கணினி வலுவாக இருக்க வேண்டுமே என்ற அச்சம் பலருக்கும் உண்டு. ஆட்டம் கன்சோலில் ஓடுகிறது. கணினி செய்வது படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை மட்டுமே. இன்டெலின் குவிக் சிங்க், என்விடியாவின் என்வென்க் போன்ற சுருக்கும் பகுதிகள் வன்பொருளிலேயே இருப்பதால், கல்லூரிக்கு வாங்கிய சாதாரண லேப்டாப்பே பெரும்பாலும் போதும். ஓபிஎஸ் அமைப்பில் எக்ஸ்264 என்ற மென்பொருள் என்கோடருக்குப் (சுருக்கும் பகுதி) பதிலாக அந்த வன்பொருள் என்கோடரைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீட்டில் பெரும்பகுதி பொருந்தாது. 2017-இல் வந்த ஸ்விட்ச்சிலும் 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இலும் ட்விட்ச்சுக்கோ யூடியூபுக்கோ நேரடியாக ஒளிபரப்பும் வசதி இல்லை. தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக்கில் வைத்து, அங்கிருந்து வரும் எச்டிஎம்ஐயைக் கேப்சர் கார்டில் செருகுவதே வழி. ஸ்விட்ச் லைட் மாதிரியில் எச்டிஎம்ஐ வெளியீடே கிடையாது. நேரலை நோக்கத்தோடு இரண்டாம் கையாக ஸ்விட்ச் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

யூடியூபா, ட்விட்ச்சா

தமிழில் பேசி ஆடப்போகிறவருக்கு என் பரிந்துரை யூடியூப். ட்விட்ச் 2011 முதல் விளையாட்டு நேரலைக்கென்றே வளர்ந்த தளம்; அரட்டைப் பண்பாடும் கருவிகளும் அங்கே நயமானவை. ஆனால் அங்கே ஆட்டத்தின் பெயரைத் தேடி வருகிறவருக்குப் பார்வையாளர் அதிகமுள்ள சேனல்கள் மேலே தெரியும். மூன்று பேர் பார்க்கும் புதிய சேனல் பட்டியலின் அடியில் கிடக்கும். முடிந்த நேரலைகளும் சில நாட்களில் அழிந்துவிடும். யூடியூபில் 12 மணி நேரத்துக்கு உட்பட்ட நேரலை தானாகவே காணொளியாகச் சேமிக்கப்பட்டு, மறுநாளும் மறு மாதமும் தேடுகிறவர் கண்ணில் படும். நம் பார்வையாளர்கள் ஏற்கெனவே இருப்பதும் அங்கேதான். 2023 அக்டோபரிலிருந்து ட்விட்ச் தன் ஒளிபரப்பாளர்கள் அதே நேரத்தில் மற்ற தளங்களிலும் ஒளிபரப்ப அனுமதிப்பதால், ஓபிஎஸ்ஸுக்கு மாறிய பிறகு இரண்டிலும் ஒரே நேரத்தில் காட்டுவதற்கும் தடையில்லை.

யூடியூபில் முதல் நேரலைக்கு முன் கைபேசி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகு வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். நண்பர்களுக்கு நாள் குறித்துச் சொல்வதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். 2025 ஜூலை 22 முதல் தனியே நேரலை செய்ய 16 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதியும் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆட்டத்துக்குள் ஒலிக்கும் உரிமமுள்ள பாடல்கள் இரண்டு தளங்களிலுமே சிக்கல் தரும். சைபர்பங்க் 2077 போன்ற ஆட்டங்களில் அத்தகைய பாடல்களை அணைக்க அமைப்பிலேயே இடம் தந்திருக்கிறார்கள்.

என் முடிவு

பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வைத்திருப்பவர் கன்சோலின் சொந்த வசதியோடு தொடங்க வேண்டும். கையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தால் அதை லேன் கேபிளுக்கும் நல்ல வயர் ஹெட்செட்டுக்கும் செலவிட வேண்டும், மீதத்தை வைத்திருக்கலாம். 720பி, 60 பிரேமில் தொடங்கி, இரவு நேரத்திலும் படம் தடைபடாமல் போகிறது என்று உறுதியான பிறகு 1080பிக்கு ஏறலாம். விசிறி இரைச்சலை நீக்க வேண்டும், இடைவேளைத் திரை வேண்டும், நேரலையை வெட்டிச் சிறு காணொளிகள் செய்ய வேண்டும் என்று குறிப்பிட்ட தேவை ஒன்று மீண்டும் மீண்டும் எழும்போது கேப்சர் கார்டுக்குப் போகலாம். அப்போது எந்தக் கார்டு என்பதும் அந்தத் தேவையாலேயே தெளிவாகிவிடும்.

இதற்கு மாறாக, முதல் நாளே கேப்சர் கார்டு வாங்கச் சொல்லும் இடங்கள் இரண்டுதான். ஸ்விட்ச் வைத்திருப்பவருக்கு வேறு வழியில்லை. சண்டை ஆட்டப் போட்டிகளை நடத்தி, இரண்டு ஆட்டக்காரர்களின் பெயரும் புள்ளியும் திரையில் காட்டி, வர்ணனையாளர் குரலையும் சேர்த்து ஒளிபரப்ப நினைக்கும் குழுக்களுக்கு ஓபிஎஸ் இல்லாமல் நடக்காது. அவர்கள் பாஸ்த்ரூவும் 60 பிரேமும் உள்ள கார்டையே வாங்க வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.